கனடாவில் துப்பாக்கி, குழு வன்முறைத் தடுப்புக்கான அரசு நிதி

கனடாவில் துப்பாக்கி வன்முறையையும் குழு வன்முறையையும் குறைக்கும் நோக்கில் நகரசபைகள், பள்ளிகள், தன்னார்வ அமைப்புகள், முதற்குடி மக்களின் நிர்வாகங்கள் முதலியன உள்ளூர் மட்டத்தில் பல பணிகளைச் செய்து வருகின்றன. இப்பணிகளுக்கு நடுவண் அரசும் மாகாண அரசுகளும் வழங்கும் நிதியுதவி, அதன் வரலாறு, அது சென்றடையும் வழி, அது குறித்த விவாதங்கள் ஆகியவற்றை இக்கட்டுரை விளக்குகிறது.

இங்கு குழு என்பது ஆங்கிலத்தில் 'கேங்' என்று குறிக்கப்படும் வன்முறைக் குழுவாகும். கனடாவின் குற்றவியல் சட்டம் 'குற்ற அமைப்பு' என்பதை மூன்று அல்லது அதற்கு மேற்பட்டோர் கொண்டதும், பொருள் ஆதாயத்துக்காகப் பாரிய குற்றங்களைச் செய்வதை முதன்மை நோக்கங்களில் ஒன்றாகக் கொண்டதுமான அமைப்பு என வரையறுக்கிறது. ஆனால் ஒரு தொடர்மாடிக் குடியிருப்பைச் சேர்ந்த பதின்ம வயதினர் பத்துப் பேர் பக்கத்துக் குடியிருப்பினரோடு பகைகொண்டு மோதும்போது அவர்களைச் சட்டத்தின் இந்த வரையறைக்குள் அடக்குவது கடினம். தடுப்பு நிதி பெரும்பாலும் இவ்வாறான இளைஞர்களுக்காகவே ஒதுக்கப்படுகிறது.

பின்னணி

ஐக்கிய அமெரிக்காவோடு ஒப்பிடுகையில் கனடாவில் துப்பாக்கிக் கொலைகள் குறைவு. எனினும் 2013 இல் 134 ஆக இருந்த துப்பாக்கிக் கொலைகளின் எண்ணிக்கை 2016 இல் 223 ஆகவும், 2017 இல் 267 ஆகவும் உயர்ந்தது. 2022 இல் நாட்டில் நிகழ்ந்த 874 கொலைகளில் 342 துப்பாக்கியால் நிகழ்ந்தவை. 2016 ஆம் ஆண்டின் துப்பாக்கிக் கொலைகளில் பாதிக்கும் மேற்பட்டவை வன்முறைக் குழுக்களோடு தொடர்புடையவை என்று கனடாப் புள்ளிவிபரத் திணைக்களம் பதிவு செய்துள்ளது.

இவ்வன்முறை நாடு முழுவதும் சீராகப் பரவியிருப்பதில்லை. சில நகரங்களில், அந்நகரங்களின் சில பகுதிகளில், அப்பகுதிகளிலும் மிகச் சிலரிடையே அது செறிந்து காணப்படுகிறது. ஒரு கொலைக்குப் பழிவாங்க இன்னொரு கொலை என்று அது தொடர்கிறது. எனவே அந்தச் சிலரை அறிந்தவர்களும், அவர்களோடு பேசக்கூடியவர்களும், அடுத்த சூடு நிகழும் முன் அதைத் தடுக்கக்கூடியவர்களும் உள்ளூரில்தான் இருக்க முடியும். ஒட்டாவாவில் இருக்கும் அமைச்சகம் ஒன்றால் இதனை நேரடியாகச் செய்ய இயலாது. உள்ளூர்ப் பணிகளுக்கு நிதி வழங்கவேண்டும் என்ற கருத்தின் அடிப்படை இதுவே.

பணம் ஓரிடத்திலும் பொறுப்பு வேறிடத்திலும் இருப்பது இதில் உள்ள சிக்கல். 1867 ஆம் ஆண்டின் அரசியலமைப்புச் சட்டத்தின்படி குற்றவியல் சட்டத்தை இயற்றும் அதிகாரம் நடுவண் அரசுக்கு உரியது. நீதி நிர்வாகம் மாகாணங்களுக்கு உரியது. நகரசபைகளோ மாகாணச் சட்டங்களால் உருவாக்கப்பட்டவை. அவற்றின் முதன்மை வருவாய் வீட்டு வரி, நில வரி போன்ற சொத்து வரியே. வருமான வரியும் விற்பனை வரியும் மேலே இருக்கும் இரு அரசுகளுக்கே செல்கின்றன. துப்பாக்கிச் சூடு நிகழ்ந்த தெருவுக்கு மிக அருகில் இருக்கும் அரசிடமே பணம் மிகக் குறைவாக உள்ளது.

தொடக்க காலம்

1993 இல் நாடாளுமன்ற உறுப்பினர் பாப் ஹோர்னர் தலைமையிலான நாடாளுமன்றக் குழு ஒன்று குற்றத் தடுப்புப் பற்றிய தன் அறிக்கையை வெளியிட்டது. காவல்துறை, நீதிமன்றம், சிறை ஆகியவற்றுக்கு நடுவண் அரசு செலவிடும் தொகையில் ஒரு விழுக்காட்டைக் குற்றத் தடுப்புக்கு ஒதுக்கவேண்டும் என்றும், ஐந்து ஆண்டுகளில் அதனை ஐந்து விழுக்காடாக உயர்த்தவேண்டும் என்றும் அது பரிந்துரைத்தது. ஒரு பழமைவாதக் கட்சி ஆட்சியின்போது, காவல்துறையில் பணியாற்றிய ஒருவரின் தலைமையில் இப்பரிந்துரை வந்தது என்பது கவனிக்கத் தக்கது. குற்றத் தடுப்பை இடதுசாரிகளின் மென்போக்கு என்று ஒதுக்கும் வழக்கம் பிற்காலத்தில் வலுப்பெற்றது.

1998 இல் நடுவண் அரசு தேசிய குற்றத் தடுப்பு வியூகத்தின் விரிவாக்கத்துக்கு ஆண்டுக்கு 32 மில்லியன் டொலர் ஒதுக்கியது. இவ்வியூகம் இன்றும் பொதுப் பாதுகாப்பு அமைச்சகத்தின் கீழ் இயங்குகிறது. ஒரு திட்டத்துக்கு ஒரு குறிப்பிட்ட காலத்துக்கு மட்டும் நிதி, அந்தக் காலத்தில் பலன் உண்டா என்ற மதிப்பீடு, பின்னர் வேறு எவராவது அத்திட்டத்தைப் பொறுப்பேற்பர் என்ற எதிர்பார்ப்பு ஆகிய மூன்றும் சேர்ந்த முறை இதன்வழி நிலைபெற்றது. பிற்காலத்தில் வந்த பெரும்பாலான நிதிகளும் இம்முறையையே பின்பற்றின.

தமிழ் இளைஞர் குழுக்கள்

இந்த வரலாற்றில் தமிழர்களுக்கும் ஓர் இடம் உண்டு. 1983 க்குப் பின்னர் இலங்கையிலிருந்து போரினால் இடம்பெயர்ந்த தமிழர்கள் பெருந்தொகையாக ரொறன்ரோவில், குறிப்பாக ஸ்கார்பரோவில் குடியேறினர். 1990 களில் தமிழ் இளைஞர்களிடையே இரு பெரும் வன்முறைக் குழுக்கள் உருவாகி ஒன்றோடொன்று மோதின. அவற்றில் ஒன்று யாழ்ப்பாணக் குடாநாட்டின் கரையோர ஊர் ஒன்றின் பெயர்ச் சுருக்கத்தையே தன் பெயராகக் கொண்டிருந்தது. உணவகங்களிலும் வாகனத் தரிப்பிடங்களிலும் துப்பாக்கிச் சூடுகள் நிகழ்ந்தன. குழுக்களோடு எத்தொடர்பும் இல்லாதவர்களும் உயிரிழந்தனர்.

அரசின் பெரிய பதில் 2001 அக்டோபரில் வந்தது. காவல்துறையும் குடிவரவு அதிகாரிகளும் இணைந்து நடத்திய நடவடிக்கையில் சுமார் 50 பேர் கைதுசெய்யப்பட்டனர். குடியுரிமை பெறாதவர்களை நாடுகடத்தும் வழக்குகள் தொடரப்பட்டன. இதற்குச் சில ஆண்டுகள் முன்னரே, 1990 களின் இறுதியில், தமிழ் மாணவர்களும் இளைஞர்களும் கனேடியத் தமிழ் இளைஞர் மேம்பாட்டு மையத்தைத் தொடங்கியிருந்தனர். பகைகொண்ட இளைஞர்களோடு பேசுவதற்கும், பள்ளிகளுக்கும் பெற்றோருக்கும் இடையே நிற்பதற்கும் மொழியும் சூழலும் அறிந்தவர்கள் தேவைப்பட்டனர். இன்று வன்முறைத் தடுப்பு என்ற பெயரில் நிதி வழங்கப்படும் பணிகளுள் பல, அன்று இத்தகையோர் செய்துவந்த பணிகளை ஒத்தவையே.

2000 களின் நடுப்பகுதிக்குள் தமிழ்க் குழுக்களின் மோதல் பெருமளவு தணிந்தது. கைதுகள் காரணமா, சமூகத்தின் முயற்சி காரணமா, அந்தத் தலைமுறை வயதேறிக் குடும்பம் தொழில் என்று மாறியது காரணமா என்பதைப் பிரித்துச் சொல்வது எளிதன்று. மூன்றுக்கும் பங்கு இருந்திருக்கும் என்பதே பொருத்தமான கருத்தாகத் தோன்றுகிறது.

2005 உம் அதன் பின்னரும்

2005 ஆம் ஆண்டை ரொறன்ரோ ஊடகங்கள் 'துப்பாக்கியின் ஆண்டு' என்று அழைத்தன. அவ்வாண்டு நகரில் நிகழ்ந்த 80 கொலைகளில் 52 துப்பாக்கியால் நிகழ்ந்தவை. நத்தாருக்கு மறுநாள், மக்கள் நெரிசல் மிக்க யங் வீதியில் இரு தரப்பினருக்கிடையே நிகழ்ந்த துப்பாக்கிச் சூட்டில் கடைக்கு வந்திருந்த 15 வயது மாணவி ஒருவர் கொல்லப்பட்டார். மேலும் ஆறு பேர் காயமுற்றனர். நடுவண் தேர்தல் பரப்புரை நடந்துகொண்டிருந்த நேரம் அது. அதற்கு முன் அவ்வாண்டில் கொல்லப்பட்டோரில் பலர் வறிய பகுதிகளைச் சேர்ந்த கறுப்பின இளைஞர்கள். நகரின் மையத்தில் இச்சம்பவம் நிகழ்ந்த பின்னரே பெருந்தொகைகள் அறிவிக்கப்பட்டன என்ற குறை அச்சமூகத்தினரிடையே இன்றும் உண்டு.

2006 பெப்ரவரியில் ஒன்ராறியோ அரசு 'இளைஞர் அறைகூவல் நிதியம்' என்பதை அறிவித்தது. மாகாணம் 15 மில்லியன் டொலர் வழங்கும், தனியார் துறை அதற்கு ஈடான தொகையைத் திரட்டவேண்டும் என்பது ஏற்பாடு. கனேடியக் காற்பந்தாட்ட வீரராகப் புகழ்பெற்ற மைக்கேல் கிளெமன்ஸ் இதற்குத் தலைமை தாங்கினார். யுனைட்டெட் வே அறக்கட்டளை நிர்வகித்தது. ரொறன்ரோவில் 'முன்னுரிமைப் பகுதிகள்' என அடையாளங்காணப்பட்ட 13 பகுதிகளுக்கே இந்நிதி உரியதாக இருந்தது. அவற்றுள் மல்வேர்ன், ஸ்கார்பரோ வில்லேஜ், கிங்ஸ்டன்–கல்லோவே, டோர்செற் பார்க் போன்றவை தமிழர்கள் கணிசமாக வாழும் ஸ்கார்பரோவில் உள்ளன. 2014 இல் இப்பட்டியல் 31 பகுதிகளாக விரிவாக்கப்பட்டது.

அதே 2006 இல் புதிதாகப் பதவியேற்ற நடுவண் அரசு, துப்பாக்கி, குழு, போதைப்பொருள் ஆகியவற்றை மையப்படுத்திய இளையோர் குற்றத் தடுப்புக்கு இரண்டு ஆண்டுகளில் 20 மில்லியன் டொலர் ஒதுக்கியது. இதிலிருந்து 'இளைஞர் குழுத் தடுப்பு நிதி' உருவானது. 2011 இல் முடிவடைய இருந்த இந்நிதி பின்னர் புதுப்பிக்கப்பட்டது.

இவற்றோடு காவல்துறைக்கும் தனியே பணம் சென்றது. ரொறன்ரோ வன்முறை எதிர்ப்புத் தலையீட்டு வியூகம் 2006 இல் தொடங்கியது. ஆங்கிலச் சுருக்கத்தில் 'ராவிஸ்' எனப்பட்ட இச்சிறப்புப் படைக்கு மாகாணம் ஆண்டுக்கு 5 மில்லியன் டொலர் வழங்கியது. 2012 யூலையில் ஸ்கார்பரோவின் டான்சிக் வீதியில் நடந்த ஒரு தெரு விருந்தில் துப்பாக்கிச் சூடு நிகழ்ந்து இருவர் கொல்லப்பட்டு, 20 க்கும் மேற்பட்டோர் காயமுற்றபோது, இப்படைக்கான நிதி நிலையானதாக்கப்படும் என்று மாகாணம் அறிவித்தது. ஆனால் குற்றம் ஏதும் செய்யாத கறுப்பின இளைஞர்களை வீதியில் மறித்து அவர்களின் விபரங்களைப் பதிவுசெய்ததாக இப்படை கடுமையான கண்டனத்துக்கு உள்ளாயிற்று. அதனால் 2017 தொடக்கத்தோடு அது கலைக்கப்பட்டது.

வேர்கள் பற்றிய அறிக்கை

2007 இல் ரொறன்ரோவின் பள்ளி ஒன்றினுள்ளேயே 15 வயது மாணவர் ஒருவர் சுட்டுக் கொல்லப்பட்டார். அதனைத் தொடர்ந்து ஒன்ராறியோ அரசு, முன்னாள் தலைமை நீதிபதி றோய் மக்மேர்ட்ரியையும், மாகாண சட்டமன்றத்தின் முன்னாள் சபாநாயகர் அல்வின் கேர்லிங்கையும் ஓர் ஆய்வுக்கு அமர்த்தியது. 'இளைஞர் வன்முறையின் வேர்கள்' என்ற அவர்களது பல தொகுதி அறிக்கை 2008 நவம்பரில் வெளிவந்தது.

வறுமை, இனவாதம், மோசமான குடியிருப்பு அமைப்பு, பள்ளியின் கடுமையான ஒழுக்க விதிகள், இளைஞர்களுக்கு மனநலச் சேவை இல்லாமை முதலியவற்றை அறிக்கை வன்முறையின் வேர்களாகக் காட்டியது. இதில் பலர் கவனிக்கத் தவறும் ஒரு பகுதி உண்டு. சமூக அமைப்புகளுக்கு நிதி வழங்கப்படும் முறையே அவற்றை நலிவடையச் செய்கிறது என்று அறிக்கை சுட்டிக்காட்டியது. குறுகிய காலத் திட்டங்களாகத் துண்டுபோட்டுத் தராமல், அமைப்புகளுக்கு நிலையான நிதி வேண்டும் என்று அது கேட்டுக்கொண்டது. 1995 இல் ஒன்ராறியோ அரசு சமூக உதவிப் பணத்தை 21.6 விழுக்காடு குறைத்திருந்ததை இதனோடு சேர்த்து நோக்கவேண்டும். ஒரு கையால் குடும்பத்திடமிருந்து எடுத்ததில் மிகச் சிறு பங்கையே மறு கையால் தடுப்புத் திட்டம் என்ற பெயரில் அரசு திருப்பித் தந்தது என்று கருத இடமுண்டு.

2018 க்குப் பின்

2017 நவம்பரில் நடுவண் அரசு துப்பாக்கி, குழு வன்முறைக்கு எதிராக ஐந்து ஆண்டுகளில் 327.6 மில்லியன் டொலரும், அதன் பின்னர் ஆண்டுக்கு 100 மில்லியன் டொலரும் ஒதுக்குவதாக அறிவித்தது. 2018 மார்ச்சில் இது குறித்த உச்சி மாநாடு ஒட்டாவாவில் நடைபெற்றது. இத்தொகையில் சுமார் 214 மில்லியன் மாகாணங்களுக்கும் ஆட்புலங்களுக்கும் உரியதாகும். எஞ்சியதில் பெரும்பங்கு நடுவண் காவல்துறைக்கும் எல்லைச் சேவை முகமைக்கும் உரியது. மாகாணங்கள் தம் பங்கைக் காவல்துறை, வழக்குத் தொடுநர் அலுவலகங்கள், தடுப்புத் திட்டங்கள் என்று விரும்பியவாறு பிரித்துக்கொள்ளலாம். 2023 மே மாதத்தில் மாகாணங்களுக்கான நிதி மேலும் ஐந்து ஆண்டுகளுக்கு 390 மில்லியன் டொலராகப் புதுப்பிக்கப்பட்டது.

இதில் நகரசபைகளுக்கு நேரடி வழி இருக்கவில்லை. 2018 இல் ரொறன்ரோவில் 96 கொலைகள் நிகழ்ந்தன. இது அந்நகரின் வரலாற்றில் அதுவரை இல்லாத எண்ணிக்கை. அவ்வாண்டு யூலையில் டான்போர்த் வீதியில் நிகழ்ந்த துப்பாக்கிச் சூட்டில் இருவர் கொல்லப்பட்டு 13 பேர் காயமுற்றனர். (குழுக்களோடு தொடர்பற்ற தனியொருவரின் செயல் அது. ஆயினும் குழு வன்முறைக்கான நிதி விவாதத்தையும் அதுவே முடுக்கிவிட்டது.) 2019 ஆகத்தில் நடுவண் அரசு, மாகாணம், நகரம் ஆகிய மூன்றும் தலா 1.5 மில்லியன் டொலர் வழங்கின. அப்பணம் காவல்துறையின் சிறப்பு நடவடிக்கைக்குச் சென்றது.

நகரசபைகளின் கோரிக்கைக்கு ஓரளவு பதிலாக வந்தது 'பாதுகாப்பான சமூகங்களைக் கட்டியெழுப்பும் நிதி' ஆகும். 2022 மார்ச்சில் தொடங்கப்பட்ட இதன் மொத்தத் தொகை 250 மில்லியன் டொலர். வன்முறை மிகுந்த நகரசபைகளுக்கும் முதற்குடி மக்களின் சமூகங்களுக்கும் இது உரியது. காவல்துறைச் செலவுகளுக்கு அன்றி, தடுப்புக்கும் தலையீட்டுக்குமே இதனைப் பயன்படுத்தவேண்டும். நகரசபை தன் பகுதியின் நிலையை ஆய்ந்து, திட்டம் வகுத்து, உள்ளூர் அமைப்புகளுக்குப் பணத்தைப் பகிர்ந்தளிக்கும். ரொறன்ரோவின் பங்கு 12.3 மில்லியன் டொலர். 2026 மார்ச் வரையான காலத்துக்கு இந்நிதி வகுக்கப்பட்டிருந்தது.

12.3 மில்லியன் பெரிய தொகையாகத் தெரியலாம். இதனை நான்கு ஆண்டுகளுக்குப் பகிர்ந்தால் ஆண்டுக்கு ஏறத்தாழ 3 மில்லியன் வரும். ரொறன்ரோ காவல்துறையின் ஆண்டுச் செலவு ஒரு பில்லியன் டொலருக்கும் மேல். அதாவது காவல்துறைக்குச் செலவாகும் ஒவ்வொரு ஆயிரம் டொலருக்கும் எதிரே இந்நிதியிலிருந்து வந்தது மூன்று டொலர் அளவே.

பணத்தால் நடைபெறும் பணிகள்

மிகப் பரவலான பணி இளைஞர் வழிகாட்டல் ஆகும். குழுவில் சேர்ந்துவிட்ட அல்லது சேரும் நிலையிலுள்ள ஒரு பையனோடு ஓர் இளைஞர் பணியாளர் வாரம் பலமுறை சந்தித்துப் பேசுகிறார். பள்ளிக்குத் திரும்பவும், அடையாள அட்டை எடுக்கவும், நீதிமன்றத் தவணைக்குச் செல்லவும், வேலை தேடவும் துணை நிற்கிறார். பிரிட்டிஷ் கொலம்பியாவின் சறே நகரில் 2019 இல் தொடங்கிய குழு எதிர்ப்புக் குடும்ப வலுவூட்டல் திட்டம் இதனைக் குடும்பம் முழுவதற்கும் விரித்தது. அதற்கு நடுவண் அரசு ஐந்து ஆண்டுகளுக்கு ஏறத்தாழ 7.5 மில்லியன் டொலர் வழங்கியது. அப்பகுதியின் பஞ்சாபிக் குடும்பங்களின் மொழியும் வாழ்க்கை முறையும் அறிந்த பணியாளர்கள் இதற்குத் தேவைப்பட்டனர். பெற்றோர் இருவரும் இரவு பகலாக உழைக்கும் வீடுகளில் பிள்ளையின் மாற்றம் கடைசியில்தான் தெரியவருகிறது என்பது ஸ்கார்பரோத் தமிழர்களும் அறிந்ததே.

இரண்டாவது வகை, பழிவாங்கலை இடைமறித்தல் ஆகும். இது சிகாகோவில் 2000 இல் மருத்துவர் கேரி ஸ்லட்கின் தொடங்கிய முறை. தொற்றுநோய்த் தடுப்பில் பணியாற்றிய அவர், வன்முறையும் ஒருவரிடமிருந்து மற்றவருக்குத் தொற்றுவது என்று கருதினார். முன்பு குழுக்களில் இருந்து விலகியவர்களே பகைகளை விசாரித்து, சம்பந்தப்பட்டோரோடு பேசித் தணிக்கின்றனர். நடுவண் நிதியோடு 2014 இல் ஹாலிஃபாக்ஸ் நகரில் இம்முறை கனடாவுக்கு வந்தது. குற்றப் பதிவு உள்ள ஒருவருக்கு அரசுப் பணத்தில் சம்பளமா என்ற எதிர்ப்பு இத்திட்டங்களுக்கு எங்கும் எழுவதுண்டு. ஆனால் அவரது குற்றப் பதிவு இல்லாவிட்டால் அந்த இளைஞர்கள் அவரது பேச்சைக் கேட்கமாட்டார்கள் என்பதே இம்முறையின் அடிப்படை.

மூன்றாவது மருத்துவமனை வழி. சுடப்பட்டோ குத்தப்பட்டோ வந்த இளைஞர் ஒருவர் குணமாகித் திரும்பும்போது மீண்டும் காயமுறும் வாய்ப்பு மிக அதிகம். அவரே பழிவாங்கச் செல்லவும் கூடும். வினிப்பெக்கின் ஹெல்த் சயன்சஸ் சென்டர் மருத்துவமனையில் அவசர சிகிச்சை மருத்துவர் கரோலின் ஸ்னைடர் தொடங்கிய திட்டத்தில், இத்தகைய இளைஞருக்குப் படுக்கையருகிலேயே ஒரு துணைப் பணியாளர் அறிமுகப்படுத்தப்பட்டு, வீடு திரும்பிய பின்னரும் தொடர்ந்து உதவுகிறார். ரொறன்ரோவின் சனிபுறூக் மருத்துவமனையிலும் இதுபோன்ற திட்டம் உண்டு.

இவை தவிர, காவல்துறை, பள்ளி, குடியிருப்புத் துறை, மனநலச் சேவை ஆகியன வாரந்தோறும் ஒரே மேசையில் அமர்ந்து ஆபத்திலுள்ளவர்களைப் பற்றிக் கலந்து பேசும் முறை 2011 இல் சஸ்காச்சுவானின் பிரின்ஸ் ஆல்பர்ட்டில் தொடங்கிப் பல நகரங்களுக்குப் பரவியது. ரொறன்ரோவில் 2013 இல் ரெக்ஸ்டேலில் இது தொடங்கியது.

விண்ணப்பம் முதல் முடிவு வரை

ஓர் உள்ளூர் அமைப்பு இந்நிதியைப் பெறுவது எளிதன்று. அழைப்பு வெளியானதும் விண்ணப்பம் எழுதவேண்டும். எத்தனை இளைஞர்கள், எந்த ஆய்வின் அடிப்படை, எவ்வாறு மதிப்பிடுவது, எவரோடு கூட்டு என்று பல பக்கங்கள் நிரப்பவேண்டும். தேர்வாக மாதங்கள் ஆகும். ஒப்பந்தம் கையெழுத்தானதும் பணியாளர்களைத் தேடவேண்டும். பின்னர் அவர்கள் இளைஞர்களின் நம்பிக்கையைப் பெறவேண்டும். மூன்று ஆண்டுத் திட்டத்தில் முதலாண்டின் பெரும்பகுதி இதிலேயே கழிந்துவிடும். கடைசி ஆண்டில் ஒப்பந்தம் முடியப்போவதை அறிந்த பணியாளர்கள் வேறு வேலை தேடத் தொடங்குவர். எஞ்சும் காலமே உண்மையான பணிக்காலம்.

விண்ணப்பம் எழுதத் தெரிந்த பெரிய அமைப்புகளுக்கே இதனால் பணம் செல்கிறது. இளைஞர்களோடு மிக நெருக்கமான சிறு அமைப்புகளுக்குக் கணக்காய்வாளரும் இல்லை, விண்ணப்ப எழுத்தரும் இல்லை. சில இடங்களில் பெரிய அமைப்பு ஒன்று பணத்தைப் பெற்றுச் சிறு அமைப்புகளின் சார்பில் கணக்கை நடத்தும் ஏற்பாடு உண்டு. இது பயனுள்ளதாயினும், நிர்வாகச் செலவு என்று ஒரு பங்கு அங்கேயே குறைகிறது.

கால எல்லை

இந்நிதிகள் பற்றிய விமர்சனங்களில் மிக அடிப்படையானது தொகை பற்றியதன்று, காலம் பற்றியது. 2006 இல் மல்வேர்னில் வாழ்ந்த பத்து வயதுச் சிறுவன் ஒருவனைக் கற்பனை செய்துகொள்ளலாம். அவனுக்குப் பத்து வயதாகும்போது இளைஞர் அறைகூவல் நிதியம் அறிவிக்கப்படுகிறது. பதினைந்து வயதில் இளைஞர் குழுத் தடுப்பு நிதியின் முதற்கட்டம் முடிவை எட்டுகிறது. பதினாறில் டான்சிக் வீதிச் சம்பவமும், அதன்பின் காவல்துறைக்கு மேலும் பணமும். இருபத்தொன்றில் ராவிஸ் கலைக்கப்படுகிறது. இருபத்திரண்டில் நடுவண் அரசின் பெரிய நிதி, இருபத்தாறில் நகரசபைகளுக்கான நிதி. அதன் கால எல்லை வரும்போது அவனுக்கு முப்பது வயது. வெவ்வேறு பெயர்களில், வெவ்வேறு அலுவலகங்களிலிருந்து, வெவ்வேறு பணியாளர்கள் அவனது வாழ்வில் வந்து போயிருப்பர். பதின்மூன்று வயதில் அவன் நம்பிக்கை வைத்த பணியாளர் அவனுக்குப் பதினேழு வயதாகும்போதும் அங்கே இருப்பார் என்பதற்கு எந்த நிதியும் உறுதி அளித்ததில்லை.

பணி இடைநின்றால் என்ன நிகழும் என்பதற்கு அமெரிக்காவின் பொஸ்டன் நகரம் அடிக்கடி எடுத்துக்காட்டப்படுகிறது. 1996 இல் காவல்துறை, தேவாலயத்தினர், தெருப் பணியாளர்கள், ஆய்வாளர்கள் ஆகியோர் இணைந்து நடத்திய 'போர்நிறுத்த நடவடிக்கை' இளைஞர் கொலைகளை 63 விழுக்காடு குறைத்தது என்று மதிப்பீடு காட்டியது. 2000 இல் அது கைவிடப்பட்டது. 1999 இல் 31 ஆக இருந்த நகரின் கொலைகள் 2005 இல் 75 ஆயின. உயர்வு முழுவதற்கும் இதுவே காரணம் என்று கூறமுடியாது. எனினும் வென்ற திட்டத்தை வென்றதாலேயே நிறுத்துவது என்ற தவறுக்கு இது தெளிவான சான்று.

அரசுத் தரப்பின் வாதத்தையும் கவனிக்கவேண்டும். காலவரையறை இல்லாவிட்டால் பயனற்ற திட்டங்களும் ஆண்டாண்டாகத் தொடரும். மக்கள் பணத்துக்குக் கணக்குக் கேட்க வழி இராது. இது நியாயமானதே. ஆனால் இதே அளவுகோல் மற்றப் பக்கத்தில் பயன்படுத்தப்படுவதில்லை. நாடாளுமன்ற வரவு செலவு அலுவலரின் கணிப்பின்படி 2016–17 இல் நடுவண் சிறையில் ஒருவரை வைத்திருக்கச் சராசரியாக ஆண்டுக்கு 115,000 டொலர் அளவில் செலவாயிற்று. சிறைக்கு எவரும் மூன்று ஆண்டுத் திட்டமாக நிதி ஒதுக்குவதில்லை. பலன் உண்டா என்று மதிப்பிட்ட பின்னரே புதுப்பிப்போம் என்று கூறுவதும் இல்லை.

ரொறன்ரோ நகரசபை 2021 யூலையில் பத்தாண்டுக் காலத்துக்கான 'சேஃப் ரீ.ஓ.' என்ற சமூகப் பாதுகாப்புத் திட்டத்தை ஏற்றுக்கொண்டது. காலத்தை நீட்டித்துச் சிந்தித்ததில் இது முன்னேற்றம். எனினும் திட்டம் பத்தாண்டுக்கு வகுக்கப்பட்டபோதும், அதற்கான பணம் ஒவ்வோர் ஆண்டும் நகரசபையின் வரவு செலவு விவாதத்தில் புதிதாகக் கேட்கப்படவேண்டியதாகவே உள்ளது.

கியூபெக்

கியூபெக் மாகாணத்தில் நிலை வேறு. அங்குள்ள சட்டத்தின்படி நகரசபைகள் மாகாணத்தின் அனுமதியின்றி நடுவண் அரசோடு ஒப்பந்தம் செய்ய முடியாது. எனவே நகரசபைகளுக்கான நடுவண் நிதி அங்கு மாகாண அரசின் வழியாகவே செல்கிறது. மொன்றியாலில் துப்பாக்கிச் சூடுகள் அதிகரித்ததைத் தொடர்ந்து 2021 செப்டம்பரில் மாகாணம் 'சென்டோர்' என்ற தன் வியூகத்தை 90 மில்லியன் டொலரோடு தொடங்கியது. இதில் பெரும்பகுதி காவல்துறையினரின் கூட்டு நடவடிக்கைகளுக்கு உரியது. சமூக அமைப்புகளுக்கும் ஒரு பங்கு ஒதுக்கப்பட்டது.